அரை றாத்தல் பாணில இருந்து ஒரு சிறுகதை எழுதிறது எப்பிடி

முதல்லயே சொல்லிப்போடுறன், சிறுகதை எழுதிறதுக்குப் பெரிய சம்பவம் ஒண்டும் தேவையில்லை. நான் முதல் எழுதின கதையில மூண்டு பேர் செத்தவை. ஒருத்தருக்குக் கான்சர், ஒருத்தர் ரயில்ல, கடைசியில கதை சொல்லுறவரே போயிட்டார். கண்ணீர் ஆறாய் ஓடினது எண்டு நாலு இடத்தில எழுதியிருந்தன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பிப்போட்டு எட்டு மாசம் ஞாயிறு ஞாயிறாப் பேப்பர் வாங்கிப் பாத்தன், ஒண்டையும் காணேல்லை. இப்ப எடுத்து வாசிச்சா, அவை போடாம விட்டது என்ர நல்லகாலம்.

இப்ப நான் செய்யிறது வேற. கவலை, சந்தோஷம் எண்டு தேடுறேல்லை, கையில தூக்கக்கூடிய ஒரு சாமானைத் தேடுறன், அதுவும் அண்மையில அளவு மாறின சாமான்.

எங்கட ஃபிளாட் வெள்ளவத்தையில, கடல்பக்கம், லிஃப்ட் கிழமையில ரெண்டு நாள் வேலை செய்யாது. மூண்டாம் மாடியில ஒரு அன்ரி இருக்கிறா. பின்னேரத்தில சூன் பாண் திரீவீல் அந்த மியூசிக்கைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வரேக்க அவ பல்கனியால ஒரு பச்சைக் கூடையைக் கயித்தில இறக்குவா, கூடைக்குள்ள காசு இருக்கும், பாண்காரர் காசை எடுத்திட்டு ஒரு றாத்தல் பாணை வைப்பார், அவ மெல்ல மெல்ல இழுப்பா. ரெண்டு பேரும் கதைக்கிறதே இல்லை. போன வருஷம் அங்கிள் செத்துப்போனார், கொழும்பில வழக்கமா நடக்கிற மாதிரி மலர்ச்சாலையில வச்சு எல்லாம் முடிஞ்சுது. ஒரு மாசம் கூடை இறங்கேல்லை. பிறகொரு நாள் இறங்கினது. அண்டைக்குத்தான் அவ மேல இருந்து சத்தம் போட்டுச் சொன்னா, "பாண் பாகயக்". பாண்காரர் ஒருக்கா நிமிந்து பாத்தார், பாணை ரெண்டாப் பிச்சார், ஒரு பாதியை வச்சார், கொஞ்சம் யோசிச்சிட்டு மீன் வச்ச மாலுபாண் ஒண்டையும் பக்கத்தில வச்சிட்டு, காசை எண்ணாம வெளிக்கிட்டார்.

450 கிராம் ஒரு றாத்தல், அது அரையாப் போச்சு. அவவின்ர முழுக் கவலையும் அந்தக் கூடைக்குள்ள வந்திட்டுது, அதோட அந்த மாலுபாணும் வந்திட்டுது. ரெண்டும் ஒண்டா வாறதாலதான் அது கதை.

இதை நோட் பண்ணிற முறை முக்கியம். நான் ஃபோனில குறிச்சு வைக்கேக்க "பாவம் அன்ரி" எண்டு எழுதுறேல்லை, கூடை என்ன நிறம், எத்தினை மணி, ஆர் என்ன சொன்னது, ஆர் ஒண்டும் சொல்லேல்லை, இவ்வளவுதான். பாவம் எண்டு எழுதி வச்சா மூண்டு மாசத்தால எடுத்துப் பாக்கேக்க ஏன் பாவம் எண்டு உங்களுக்கே விளங்காது.

எங்க தொடங்கிறது? கூடை இறங்கிற இடத்தில. அவைக்கு எப்ப கலியாணம் நடந்தது, ஊர் எது, எத்தினை பிள்ளையள் வெளிநாட்டில எண்டெல்லாம் முன்னுரை வேண்டாம், தேவையெண்டா நடுவில ஒரு வரி. முதல் கதையை 1000 சொல்லுக்குள்ள வைச்சா நல்லம், ஒரு பின்னேரம், ரெண்டு ஆக்கள், காணும்.

சந்தோஷத்தை எழுதிறது கவலையை விடக் கஷ்டம், அதை ஆரும் சொல்லித் தாறேல்லை. 2022ல காஸ் கியூவைப் பற்றி நாங்கள் எல்லாரும் எழுதினம்தானே, சிலிண்டரைச் சங்கிலியால கோத்து வரிசையா வச்சது, கரண்ட் கட், பெற்றோலுக்கு கியூஆர், எல்லாம் எழுதினம், ஆனா முக்கால்வாசி செய்தி மாதிரித்தான் இருந்தது. எனக்குத் தெரிய ஒரு கலியாணப் பேச்சு அந்தக் கியூவிலதான் தொடங்கினது! ரெண்டு அம்மாமார், அடுத்தடுத்த சிலிண்டர், ஆறு மணித்தியாலம், வேற என்ன கதைக்கிறது. அதை ஒருத்தரும் எழுதேல்லை, நானும்தான். கஷ்டகாலத்துக்குள்ள சிரிப்பை எழுதினா குறைவா நினைப்பினமோ எண்டு ஒரு பயம். அந்தப் பயத்தை விடுங்கோ.

இனிப் பேச்சு. கொழும்பில கதை எழுதிறவைக்குப் பெரிய தலையிடி இதுதான். ஒரு 155 பஸ்ஸுக்குள்ள யாழ்ப்பாணத்து ஆள் "எண்டு" எண்டுவார், மலையகத்துப் பெடியன் வேற மாதிரி, முஸ்லிம் ஆக்கள் "வாப்பா", "உம்மா" எண்டு கதைப்பினம், கொண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன" எண்டு கத்துவார். எல்லாரையும் ஒரே தமிழில கதைக்க விட்டா அது கொழும்பே இல்லை. சிங்களத்தைத் தமிழ் எழுத்திலயே போடுங்கோ, பக்கத்தில அர்த்தம் எழுதத் தேவையில்லை, அடுத்த வரியில சனம் முன்னுக்கு நகருதெண்டா வாசிக்கிறவருக்கு விளங்கும். பாண்காரர் பாணைப் பிச்ச உடனே "பாகயக்" விளங்கினது தானே. ஆனா அளவோட, ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூண்டு இடம். உங்களுக்குப் பழக்கமில்லாத ஊர்ப் பேச்சை ஊகிச்சு எழுதாதேங்கோ, அந்த ஊர் ஆள் ஒருத்தரிட்ட வாசிக்கக் குடுங்கோ.

எழுதி முடிச்சா ஒரு கிழமை தொடவேண்டாம். பிறகு சத்தமா வாசியுங்கோ, நாக்குத் தடக்கிற இடத்தை வெட்டுங்கோ. கடைசிப் பந்தியையும் ஒருக்கா மறைச்சுப் பாருங்கோ, அது இல்லாமலே கதை நிண்டா அதுவும் போகட்டும். என்ர கதையில அன்ரி பல்கனியில நிண்டு அழுகிறா எண்டு ஒரு பந்தி இருந்தது, அது பொய், அவ அழேல்லை, தூக்கிப்போட்டன்.

டைப் பண்ணிறது யூனிகோடில. பாமினி எண்ட பழைய எழுத்துருவில கேக்கிற இடங்கள் இன்னும் இருக்கு, மாத்திக் குடுக்க ஒன்லைனில கன்வேர்ட்டர் இருக்கு, பிறகு புள்ளி, கொம்பு எல்லாம் சரியோ எண்டு கண்ணால பாருங்கோ. வாசிக்கிறதுக்கு வெள்ளவத்தையில தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942ல தொடங்கினது, நூலகமும் இருக்கு. வெளிக்கிட ஏலாட்டி "நூலகம்" எண்ட இணையத்தளத்தில (noolaham.org) ஈழத்துப் பழைய சஞ்சிகையள் ஸ்கான் பண்ணிக் கிடக்கு, காசில்லை.

பேர், மாடி, நிறம் எல்லாம் மாத்துங்கோ, இது கட்டாயம். நானும் மாத்தித்தான் எழுதினன், மூண்டாம் மாடியை அஞ்சாக்கி, பச்சைக் கூடையைச் சிவப்பாக்கி. பிறகும் மனம் கேக்காம பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அன்ரியிட்டயே குடுத்தன். அவ கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சா, தாளை மடிச்சு மேசையில வச்சா. "பிள்ளை, அண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு எழுதியிருக்கிறீர். நான் வெள்ளிக்கிழமையில மச்சம் தொடுறேல்லை எண்டு அந்தப் பாண்காரனுக்கே தெரியும். அவன் வச்சது மாலுபாண் இல்லை, கிம்புலா பனிஸ்."

மாத்திப்போட்டன்.