வலி இல்லை என்று எழுந்து நிற்காதீர்கள்: தொடை நரம்பு ஊசியில் நடக்கும் தவறுகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த அன்று இரவு. அம்மாவுக்கு வலியே இல்லை. கால் விரல்களை ஆட்டிப் பார்க்கிறார், ஆடுகின்றன. பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறார், அசைகிறது. "கால் நல்லாத்தானே இருக்கு" என்று கட்டிலைப் பிடித்து இறங்கி, பாத்ரூம் பக்கம் ஓர் அடி வைக்கிறார். முழங்கால் மடங்கி அப்படியே சரிகிறார். உடன் இருக்கும் மகள் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

வலிக்காக 'பெமோரல் பிளாக்' என்ற தொடை நரம்பு மரப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நான் முதலில் பயப்படுவது இந்த ஓர் அடிக்குத்தான். தொடை நரம்பு, கீழ்முதுகின் 2, 3, 4-ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, தொடையிடுக்கில் நாடி துடிக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கு வெளிப்பக்கமாக இறங்குகிறது. முன்தொடைக்கும் முழங்காலின் முன்பக்கத்துக்கும் உணர்வு தருவது அதுதான். முழங்காலை நீட்டி, மடங்காமல் நம்மை நிற்க வைக்கும் முன்தொடைத் தசையை இயக்குவதும் அதுவே. ஸ்கேன் பார்த்து அதைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு மருந்து, வலியோடு அந்தப் பலத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பாதமும் விரல்களும் வேறு நரம்பின் பொறுப்பு. அது பின்தொடை வழியாக வரும் சயாட்டிக் நரம்பு. ஆகவே விரல் ஆடுகிறது என்பதை வைத்துக் கால் தாங்கும் என்று முடிவு செய்யக் கூடாது. படுத்தபடியே குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்கி, முழங்காலை நேராக வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தாலும் முதல் தடவை நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ பக்கத்தில் இல்லாமல், வாக்கர் இல்லாமல் இறங்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அறுவைக்காக முதுகில் போட்ட மரப்பு ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதோடு எல்லா மரப்பும் போய்விட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். தொடையில் போட்டது அதன் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த பலவீனத்தைக் குறைக்கத்தான் மூட்டு மாற்றுக்கு இப்போது பல மயக்க மருத்துவர்கள் கொஞ்சம் கீழே, தொடையின் நடுப்பகுதியில் உள்ள 'அடக்டர் கெனால்' என்ற இடத்தில் ஊசி போடுகிறார்கள். அதில் முன்தொடைத் தசையின் பலம் பெரும்பாலும் தப்பிக்கும். முழுவதும் தப்பும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. புபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் ஒரே ஊசியில் சுமார் 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். காலை 10 மணிக்குப் போட்டது 14 மணி நேரம் தாங்கினால் கணக்கு நள்ளிரவில் முடிகிறது. மாலையில் நர்ஸ் மாத்திரை கொடுக்கும்போது "வலி இல்லையே, எதுக்கு?" என்று டப்பாவில் போட்டு வைப்பவர்கள், இரவு இரண்டு மணிக்குத் துடிக்கிறார்கள். அப்போது விழுங்கும் மாத்திரை வேலை செய்யத் தொடங்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வலி தொடங்கும் முன்பே மாத்திரை உள்ளே இருக்க வேண்டும். ஊசி போட்ட நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பாட்டி, தாத்தாக்கள் விஷயத்தில் தவறு நேர்மாறானது: ஊசியைத் தள்ளிப்போடுவது. ஆபரேஷன் நாளை மறுநாள் என்றால், அதுவரை எக்ஸ்ரேவுக்கும் பெட்பேனுக்கும் புரட்டும்போதெல்லாம் அலற விடுகிறோம். தீராத வலியே முதியவர்களைப் பிதற்ற வைக்கும். வலிக்காகக் கொடுக்கும் மார்பின் வகை மருந்து அதிகமானாலும் அதே கதிதான். பாராசிட்டமாலும் அந்த மருந்துகளும் போதாதபோது நரம்பு ஊசியைச் சேர்க்கச் சொல்லி பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2011-லேயே வழிகாட்டியது. அவசரப் பிரிவிலேயே போட முடியுமா என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

ஆனால் ஒரே ஊசியில் முழுக் காலும் மரத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழங்காலின் பின்பக்கம் சயாட்டிக் நரம்பைச் சேர்ந்தது. இடுப்பு மூட்டுக்கு வேறு நரம்புகளும் போகின்றன. மிச்ச வலி இருந்தால் ஊசி 'பிடிக்கவில்லை' என்று அர்த்தமில்லை. அதே சமயம், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட காலில், குறைந்திருந்த வலி திடீரென ஏறிக்கொண்டே போனாலோ, விரலை லேசாக நீட்டிவிட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, "மருந்து தீர்ந்துடுச்சு, இன்னொரு ஊசி போடுங்க" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். உள்ளே தசை வீங்கி ரத்த ஓட்டத்தை நெரிக்கும் நிலையாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் காலையே பாழாக்கும். எலும்பு டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும்.

மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ நேரடியாக வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

ஊசிக்கு முன் மறைக்கக் கூடாதவை சில உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள். சர்க்கரை நோயால் பாதத்தில் ஏற்கெனவே இருக்கும் எரிச்சல், மதமதப்பு. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் பழி ஊசி மேல் விழும், உண்மைக் காரணமும் தெரியாமல் போகும். பிறகு உடல் எடை. புபிவகெய்னுக்கு வழக்கமாகக் கிலோவுக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம் என்று கணக்கு. 50 கிலோ பாட்டிக்கு 100 மில்லிகிராம்தான். அறுவை டாக்டர் மூட்டைச் சுற்றிப் போடும் மரப்பு மருந்தும் இதே கணக்கில்தான் வர வேண்டும்.

ஊசி போடும்போது உதட்டைச் சுற்றிக் கூச்சம், நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்திருப்பதன் முதல் அறிகுறி அது. அடுத்தது வலிப்பாகவோ இதயத் துடிப்புச் சிக்கலாகவோ இருக்கலாம். வாயைத் திறந்து சொன்னால் மருந்தை அங்கேயே நிறுத்துவார்கள். முற்றினால் கொடுக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஊசிதான் போட்டது, 48 மணி நேரம் கடந்தும் முழங்காலை நீட்ட வரவில்லை, தொடை இன்னும் மரத்தே இருக்கிறது என்றால், 'தானாகச் சரியாகும்' என்று டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். மயக்க மருத்துவரையே திரும்ப வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மெல்லத் தெளியும். ஆனால் ரத்தக்கட்டு நரம்பை அழுத்துகிறதா என்பதைப் பார்க்க நாட்கள் கடத்தக் கூடாது.