நாள்பட்ட அழற்சியை உணவால் குறைப்பது எப்படி: நான் செய்து பார்த்த வரிசை

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. தண்ணீர் பாட்டில் மூடியைத் துணி சுற்றிப் பிடித்துத்தான் திருக முடியும். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கை சொன்ன பேச்சைக் கேட்கும். ஏழெட்டு மாதம் இப்படியே ஓட்டிவிட்டு டாக்டரிடம் போனேன். மூட்டுவாதம் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் ரத்தத்தில் அழற்சி அளவு கூடியிருக்கிறது, எடையையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள் என்றார். அதற்குப் பிறகு சாப்பாட்டில் நான் என்னென்ன மாற்றினேன், எந்த வரிசையில் மாற்றினேன், எங்கே தடுமாறினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. மூட்டு வீக்கம், காரணமில்லாத காய்ச்சல், தானாக எடை குறைவது, மலத்தில் ரத்தம், அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் காலை விறைப்பு, இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டர்தான். முடக்குவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. ஒருமுறை அரித்துப்போன மூட்டைச் சாப்பாடு திருப்பித் தராது.

முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கனன்றுகொண்டிருப்பதுதான் நாள்பட்ட அழற்சி. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். அது சும்மா கிடக்கும் கொழுப்பு அல்ல, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் செய்திகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி கல்லீரலுக்குப் போனதும் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்கும். ரிப்போர்ட்டில் சிஆர்பி என்று வருவது அதுதான்.

படி 1: முதலில் அளவு எடுங்கள்

என்னை ரொம்ப அலைக்கழித்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டரிடம் கேட்டு ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி என்ற பரிசோதனையை எடுங்கள். சாதாரண சிஆர்பி பெரிய தொற்றுகளைப் பிடிக்கத்தான் உதவும், சின்ன ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. இதய நோய் அபாயத்தைக் கணிக்கப் பயன்படும் கணக்கு இது: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் ஏதோ தொற்றோ காயமோ இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

என் முதல் ரிப்போர்ட்டில் 0.62 என்று இருந்தது. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வேறொரு லேபில் எடுத்தேன். 4.1 என்று வந்தது. ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதாக நினைத்து அன்று இரவு தூக்கமே வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஃபைலில் வைக்க இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எண்ணுக்குப் பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன். முதல் தாளில் மில்லிகிராம் / டெசிலிட்டர். இரண்டாவதில் மில்லிகிராம் / லிட்டர். டெசிலிட்டர் கணக்கை 10-ஆல் பெருக்கினால்தான் லிட்டர் கணக்கு. ஆக 0.62 என்பது உண்மையில் 6.2. அங்கிருந்து 4.1-க்கு இறங்கியிருக்கிறது! நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கலங்கியிருக்கிறேன். நீங்கள் ரிப்போர்ட் வாங்கியதும் முதலில் அலகைப் பாருங்கள், அப்புறம் எண்ணைப் பாருங்கள். முடிந்தால் எப்போதும் ஒரே லேபில் எடுங்கள்.

அடுத்த முறை 9.4 வந்தது. காரணம் எளிது, நான்கு நாளாகச் சளி. இந்தப் புரதத்தை 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து அது படிந்ததால்தான் அந்தப் பெயர். தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்விடும். அதனால் சளி, பல் சீழ், ஈறு வீக்கம், தடுப்பூசி, கடுமையான உடற்பயிற்சி எது இருந்தாலும் முழுதாகக் குணமாகி இரண்டு வாரம் கழித்து எடுங்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பது இன்னும் நல்லது. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை இந்த அளவைக் குறைக்கும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏற்றும். இவற்றை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டு, நாலு பத்தி. காலை விறைப்பு எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

செயலிகள் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றைப் போட்டுப் பார்த்தேன், மூன்றுமே என்னைக் கலோரி எண்ண வைத்தன. விறைப்பு எத்தனை நிமிடம் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. நோட்டில் எழுதியபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாட்களுக்கு மறுநாள் விறைப்பு எப்போதும் அதிகம், முந்தின நாள் என்ன சாப்பிட்டிருந்தாலும் சரி. இது தெரியாமல் இருந்திருந்தால் சாப்பாட்டின் மேல்தான் பழி போட்டிருப்பேன்.

படி 3: முதலில் சேருங்கள், எதையும் நீக்காதீர்கள்

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 'எதை நிறுத்தணும்?' என்றுதான் கேட்கிறார்கள். நீக்குவதில் தொடங்கினால் பத்து நாளில் அலுத்துவிடும். நார்ச்சத்தைச் சேர்ப்பதில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு 12 கிராம்தான் வந்தது.

நாம் செரிக்க முடியாத நாரைக் குடலில் இருக்கும் பாக்டீரியா நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் முக்கிய எரிபொருள். சுவர் வலுவாக இருந்தால் கிருமிகளின் கழிவு ரத்தத்தில் கசிவது குறையும், கல்லீரலுக்கும் தொந்தரவு குறையும்.

ஆர்வத்தில் நான் ஒரே வாரத்தில் 12-இலிருந்து 35 கிராமுக்குத் தாவினேன். வயிறு பறை மாதிரி உப்பி, மூன்று நாள் வெளியே போகவே சங்கடப்பட்டேன். குடல் பாக்டீரியா பழகுவதற்கு நேரம் வேண்டும். வாரத்துக்கு 5 கிராம் கூட்டுங்கள், கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள். கணக்குக்கு: வேகவைத்த பயறு ஒரு கப்பில் சுமார் 15 கிராம், தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4, ஒரு கைப்பிடி பாதாமில் மூன்றரை. முதல் வாரத்துக்கு அரைக் கப்புக்கும் குறைவான பயறே போதும்.

2021-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நிலையில் உள்ள 36 பேரை வைத்து 10 வாரம் ஒரு சோதனை நடந்தது. தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், புளித்த காய்கறி என்று நொதித்த உணவை நிறையச் சாப்பிட்ட குழுவுக்கு ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் அப்படி எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையவில்லை, ஏற்கெனவே பல வகை குடல் பாக்டீரியா உள்ளவர்களுக்கே நன்றாக வேலை செய்தது. சின்னச் சோதனைதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு நாரோடு தினமும் சர்க்கரை சேர்க்காத தயிரும் எடுத்துக்கொள்கிறேன். நார் மட்டும் சாப்பிட்டுப் பத்தே வாரத்தில் எண் இறங்கவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

படி 4: கொழுப்பை மாற்றுங்கள்

வாரத்துக்கு இரண்டு முறை கொழுப்பு நிறைந்த மீன். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் எதுவானாலும் சரி. இவற்றில் உள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்துதான் அழற்சியை அடக்கும் சில பொருட்களை உடல் செய்துகொள்கிறது.

மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளி விதை, வால்நட், சியா விதை உண்டு. ஆனால் அவற்றில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை, உடல் அதில் கொஞ்சத்தைத்தான் மீனில் உள்ள வகையாக மாற்றும். டாக்டர் ஒப்புக்கொண்டால் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் மாத்திரை நேரடி வழி. ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், பொடித்துச் சாப்பிடுங்கள். மிக்ஸியைவிட காபிக் கொட்டை அரைக்கும் சின்ன கிரைண்டர் இதற்கு மேல். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், நாள் ஆனால் சிக்கு வாடை வந்துவிடும்.

விதை எண்ணெய்களால் அழற்சி ஏறும் என்று நிறையப் பேர் பயமுறுத்துகிறார்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகள் அப்படிக் காட்டவில்லை. பயப்பட வேண்டியது டிரான்ஸ் கொழுப்புக்கு. பொருள் பட்டியலில் 'பகுதியாக ஹைட்ரஜனேற்றம் செய்த' என்று இருந்தால் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

படி 5: இப்போது குறையுங்கள்

இனிப்புப் பானம் முதலில். ஒரு 330 மில்லி கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுத்து பதப்படுத்திய இறைச்சி, அப்புறம் மது. ஒன்றை விட்டு மூன்று வாரம் நோட்டைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற பத்தியைப் பாருங்கள். நான் ஆரோக்கியமானது என்று நம்பிச் சாப்பிட்டுவந்த காலைத் தானியக் கலவையில் ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரை 7 கிராம் என்றிருந்தது. பரிமாறல் என்பது 30 கிராம். தராசில் வைத்துப் பார்த்தால் என் கிண்ணத்தில் 85 கிராம் இருந்தது. நூறு ரூபாய் புத்தகத்தைவிட ஒரு சமையலறைத் தராசு அதிகம் சொல்லிக்கொடுக்கும் என்று அன்று புரிந்தது.

தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் அழற்சி தரும் என்று மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. கோதுமையை விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே சீலியாக் (கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) பரிசோதனையை எடுத்துவிடுங்கள். விட்ட பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

பின்சேர்க்கை 1: கீரையைக் கூட்டலாமா என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். தினமும் ஒரே அளவு, மாற்றுவதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு.

பின்சேர்க்கை 2: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் படி 3-ஐ அப்படியே செய்யக் கூடாது. பயறு, கொட்டை, பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. உங்கள் உணவியல் நிபுணர் தரும் பட்டியல்தான் உங்களுக்கு.

பின்சேர்க்கை 3: மஞ்சள் மாத்திரை பற்றி ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். சமையலில் போடும் மஞ்சளில் பயமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் உடலில் எளிதாகச் சேராது என்பதால் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைக் கலந்து பல மடங்கு உறிஞ்ச வைக்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் எடுப்பதில்லை.

பின்சேர்க்கை 4: மெதுவாகக் கூட்டியும் ஆறு வாரமாக வயிறு உப்புகிறது என்றார் ஒருவர். அப்படியானால் எரிச்சல் குடல் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவருக்கு அதுதான் இருந்தது. இப்போது பயறுக்குப் பதில் ஓட்ஸும் சியாவும் ஒத்துக்கொள்கின்றன என்று எழுதியிருக்கிறார்.

என் கடைசி இரண்டு பரிசோதனைகளின் சராசரி 2.3, லிட்டருக்கு மில்லிகிராமில். இடையில் ஆறு கிலோ எடையும் குறைந்திருக்கிறது, அதனால் எல்லாப் பெருமையும் தட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். விறைப்பு பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. பாட்டில் மூடியைத் துணி இல்லாமல் திறக்கிறேன். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து, அதே லேபில்.