மண்டபம் கரையில் அமைதிப்படைக் காலத்தைப் படமாக்க

1987-90இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை ஈழத்தில் சறுக்கியதைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு மண்டபம், பாம்பன் பக்கம், அங்கிருந்து அகதிகளாக வந்த சாட்சிகள் இருக்கிறார்கள். பதிவு கெடுவது பெரும்பாலும் காற்றால்தான். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் வெளியில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு சத்தம் இருக்காது. அதன் முதல் மாதத்தில், காலை எட்டு மணிக்குள் எடுங்கள்.

காலர் மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தினால் துணி உரசும். நெஞ்செலும்பின் மேல் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியே தெரிகிற மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். அழுகையில் குரல் ஏறினாலும் உடையாது. முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். அது இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் காதில் இடிக்கும். லென்ஸில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஊதிவிட்டு, லேசாக ஈரம் தொட்ட துணியால் ஒற்றுங்கள்.

கேள்விதான் படத்தின் உயிர். "அமைதிப்படை கொடுமை செய்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ஆமி முதல்முதலாக உங்கள் ஒழுங்கைக்குள் வந்த அன்று வீட்டில் என்ன சமையல்?" என்று அவர்கள் பேச்சிலேயே கேளுங்கள் (ஆமி என்றால் ராணுவம், ஒழுங்கை என்றால் சந்து). அடுப்பில் இருந்த பானை, கதவைத் தட்டிய விதம், ஓடிப்போய் ஒளிந்த இடம் எல்லாம் தானாக வரும்.

தேதி யாருக்கும் நினைவிருக்காது, தெரிந்த நிகழ்வுகளை முளையாக அடித்துக்கொடுங்கள். இந்திய-இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29. உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தது செப்டம்பர் 26. அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது அக்டோபர் 10. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை சுட்டது அக்டோபர் 21, தீபாவளி நாள். கடைசித் துருப்பு கிளம்பியது 1990 மார்ச் 24. "தீபாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்றால் சட்டென்று சொல்வார்கள். மாலை போட்டு வரவேற்றவர்கள் பத்தே வாரத்தில் பதுங்குகுழி வெட்டியது ஏன் என்பதுதான் இந்தப் படம். அந்தப் பத்து வாரத்துக்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் குறிப்பில் தனித்தனியாக எழுதுங்கள். கலந்தால் ஒரே மறுப்பில் படம் சரிந்துவிடும். அங்கே போய்வந்த ஓய்வுபெற்ற ராணுவத்தாரிடமும் இதே தேதிகளை வைத்தே கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் அகதி முகாமுக்குள் கேமராவோடு போகாதீர்கள். சிக்கல் பேசியவர் தலையில்தான் விடியும். முகம் வேண்டாம் என்பவரை நிழலுருவாக எடுப்பதும் ஆபத்து: வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெரிந்துவிடலாம். கைகளை மட்டும் எடுங்கள், கோப்புக்குப் பெயருக்குப் பதில் எண் இடுங்கள்.