பிற தளத்தின் பக்கம் எப்போது மாறியது என்பதை ஸ்கிரிப்ட் மூலம் அறிய
பிற தளத்தின் பக்கம் ஒன்று கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதை அறிய அதை முழுவதும் பதிவிறக்க வேண்டியதில்லை. பைத்தான் நிரல்மொழியில் எழுதிய சிறு ஸ்கிரிப்ட் மூலம், பக்கத்தின் உள்ளடக்கத்தை விட்டு அதைப் பற்றிய தகவல்களை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ கோரிக்கையை அனுப்பி, சர்வர் திருப்பித் தரும் ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ (கடைசியாக மாற்றப்பட்ட நேரம்) என்னும் வரியைப் படித்தாலே போதும். அந்த நேரம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) இருக்கும். ஆனால், கேட்கும் கணத்தில் உருவாக்கப்படும் பக்கங்களில் இவ்வரி பெரும்பாலும் இருக்காது, அல்லது கேட்ட நேரத்தையே காட்டும் (இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்). அத்தகைய பக்கங்களில், விளம்பரம், பார்வையாளர் எண்ணிக்கை போன்று ஓயாது மாறும் பகுதிகளை நீக்கிவிட்டு, முதன்மை உரையின் எஸ்எச்ஏ-256 மதிப்பைச் (உரையிலிருந்து கணக்கிடப்படும், உரை சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டைச்) சேமித்து, அடுத்த முறை கிடைக்கும் மதிப்புடன் ஒப்பிடுவதே நம்பகமான வழி என்பேன். மாற்றம் இரு சோதனைகளுக்கு இடையில் நிகழ்ந்தது என்பது மட்டுமே இதில் உறுதியாகும்.