எடை மெஷின் சொல்வதும் சொல்லாததும்: கொழுப்பு குறைகிறதா என்று அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சி தொடங்கிப் பத்து நாள் கழித்து எடை பார்த்தால் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடியிருப்பது சகஜம். வேர்க்க விறுவிறுக்க உழைத்ததற்கு இதுதான் பலனா என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டிய அவசியமே இல்லை. பழக்கமில்லாத வேலையைச் செய்த தசைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அதை ஆற்றுவதற்கு உடல் அங்கே நீரைச் சேர்க்கிறது. அதோடு, பயிற்சி பெறும் தசை கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பையும் கூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஏறும் எடை பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். அதே நாட்களில் கொழுப்பு கரைந்துகொண்டும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட மெஷினால் முடியாது.

தண்ணீர் மணிக்கணக்கில் ஏறி இறங்கும்; கொழுப்பு வாரக்கணக்கில்தான் நகரும். அளவெடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

ஒரு நாள் எடையை வைத்து முடிவெடுப்பது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி பற்றாக்குறை ஏற்படும்படி ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, பயிற்சி செய்தால் ஒரு நாளில் குறையும் கொழுப்பு சுமார் 65 கிராம். வீட்டு டிஜிட்டல் மெஷின்களில் பல 100 கிராம் படிகளில்தான் எண்ணைக் காட்டும். அதாவது, நீங்கள் ஒரு நாளில் சாதித்தது மெஷினின் மிகச் சிறிய படியைவிடச் சிறியது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரே 200, 250 கிராம். முந்தின இரவு ஹோட்டல் பிரியாணியோ ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பாடோ ஆகியிருந்தால், அந்த உப்புக்காக உடல் நிறுத்திவைக்கும் நீர் ஒரு கிலோவைக்கூடத் தாண்டலாம். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்தாலும் அது நடக்காது.

எடையைத் தினமும் பார்ப்பதில் தவறில்லை. அதை வைத்து அன்றே முடிவெடுப்பதுதான் தவறு. காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் பாருங்கள். மெஷின் சமமான டைல்ஸ் தரையில் இருக்க வேண்டும். மிதியடி மேலோ பாய் மேலோ வைத்தால் எண் தப்பாக வரும். ஏழு நாள் எண்களையும் எழுதி, கூட்டி, ஏழால் வகுத்து வாரச் சராசரியைக் கண்டுபிடியுங்கள். சராசரியைச் சராசரியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 78.4, 78.9, 78.1, 79.2, 78.6, 78.3, 78.7. அடுத்த வாரம்: 78.5, 77.9, 78.0, 78.8, 78.2, 77.8, 78.2. திங்களை மட்டும் திங்களோடு ஒப்பிட்டால் 100 கிராம் கூடியிருக்கிறது, மனசு சோர்ந்துவிடும். சராசரியைப் பார்த்தால் 78.6 என்பது 78.2 ஆகியிருக்கிறது. 400 கிராம் குறைந்திருக்கிறது, நல்ல வேகம்.

மாதவிடாய் வரும் பெண்களுக்கு இந்த வாரச் சராசரிகூடப் போதாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ வரை நீர் சேர்வது பலருக்கு உண்டு. தொடங்கிய சில நாட்களில் அது வடிந்துவிடும். ஆகவே இந்தச் சுழற்சியின் முதல் வாரத்தைப் போன சுழற்சியின் முதல் வாரத்தோடு ஒப்பிடுவதுதான் சரி. கணவனும் மனைவியும் சேர்ந்து பயிற்சி தொடங்கினால் வாரா வாரம் ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு பொருத்திப் பார்ப்பது மனைவிக்கு அநியாயம்.

இடுப்பை அளக்காமல் விடுவது, அல்லது தப்பான இடத்தில் அளப்பது

நம் மக்களுக்கு எடையைவிட இடுப்பளவு முக்கியம். புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் தங்களையே அளந்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI எண்) 22.3, துளியும் வித்தியாசமில்லை. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு தங்கியிருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்று இடுப்பளவின் எல்லையைக் குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான்.

பேண்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. தொப்பை உள்ள ஆண்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். 34 பேண்ட் போடுபவரின் உண்மையான இடுப்பு 39, 40 அங்குலம் இருக்கலாம். தொப்புளையும் அடையாளமாக நம்ப முடியாது, வயிறு தொங்கினால் அதுவும் கீழே இறங்கும். விரலால் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். டேப் அந்தப் புள்ளி மேல் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த நிலையில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கவும் வேண்டாம், டேப்பை இறுக்கவும் வேண்டாம். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். எடை அசையாமல் இடுப்பு ஒரு செ.மீ. குறைந்தால் உங்கள் முயற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், எதையும் மாற்றாதீர்கள். போட்டோ எடுப்பவர்கள் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் எடுங்கள்.

கருவி காட்டும் சதவீதத்தையும் கலோரியையும் அப்படியே நம்புவது

உடல் கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. மேல் உடம்பைப் பற்றி அது சொல்வது சூத்திரத்தின் ஊகம். தண்ணீர் குடித்தது, வேர்த்தது, பாதம் காய்ந்திருப்பது என எல்லாவற்றுக்கும் எண் மாறும். காலையில் 31, மாலையில் 28 என்று காட்டினால் பகலுக்குள் மூன்று சதவீதம் கொழுப்பு போய்விடவில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் எடை பார்க்கும் அதே காலை நேரத்தில் பார்த்து, மாதப் போக்கை மட்டும் கவனிக்கட்டும்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரி இன்னும் மோசம். 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே காட்டின. செலவான கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அதிலும் 35 கலோரி சும்மா உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும். வாக்கிங் முடித்து வரும் வழியில் சர்க்கரை போட்ட பால் டீயும் ஒரு மெதுவடையும் ஆனால் கணக்கு தீர்ந்தது. கடிகாரத்தில் பயன்படுவது காலடி எண்ணிக்கை. காலையில் ஜிம்முக்குப் போன அலுப்பில் பகல் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்களா என்பதை அது காட்டிக்கொடுக்கும். பயிற்சி செய்த நாளின் மொத்தக் காலடி செய்யாத நாளைவிடக் குறைந்திருந்தால், செலவழித்த கலோரியில் ஒரு பகுதியை ஓய்விலேயே திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

வேர்வையைக் கொழுப்பு என்று நினைப்பது

வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடுவது, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்வது, இவற்றால் போவது நீரும் உப்பும்தான். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வை போகலாம். குடித்தவுடன் எடை திரும்பிவிடும். கொழுப்பு உண்மையில் வெளியேறுவது பெரும்பாலும் மூச்சு வழியாக. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே போகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது என்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கட்டுரை ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. பிளாஸ்டிக் சுற்றி ஓடுவதில் பலன் இல்லாதது மட்டுமல்ல, மே மாதத்தில் அது ஆபத்து.

க்ரஞ்சஸ் மட்டும் செய்து தொப்பையைக் கரைக்கலாம் என்பதும் இதே வகை. வயிற்றுத் தசை வலுப்பெறும். கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. பல ஆண்களுக்கு வயிறும் பல பெண்களுக்குத் தொடையும் பிட்டமும் கடைசியில்தான் குறையும்.

பலத்தைக் குறித்து வைக்காதது

வெறும் நடையும் பட்டினியுமாக எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் இரண்டு மூன்று நாள் தண்டால், பைட்டக் (உட்கார்ந்து எழும் பயிற்சி), டம்பெல் செய்து, எத்தனை முறை, எத்தனை கிலோ என்று எழுதுங்கள். எடை இறங்கும்போது இந்த எண்கள் அப்படியே நின்றாலோ ஏறினாலோ தசை பத்திரமாக இருக்கிறது. எடை வேகமாக இறங்கி, எண்களும் வாரா வாரம் விழுந்தால், சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். புரதத்தையும் பாருங்கள்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும். 70 கிலோ எடைக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இட்லி, சாம்பாரை மட்டும் நம்பினால் இந்த அளவை எட்டுவது கஷ்டம். சுண்டல், பயறு, தயிர், மீன், கோழி என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று சேர வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பொறுமை இழந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைவது நல்ல வேகம். 78 கிலோ எடையுள்ளவருக்கு 400 முதல் 800 கிராம். போகப் போக இது தானாகவே மெதுவாகும். உடல் சிறிதாகும்போது அதற்கு வேண்டிய கலோரியும் குறைவதால், அதே சாப்பாட்டில் பற்றாக்குறை சுருங்கிவிடுகிறது. தினமும் 240 கலோரி குறைத்தால், 7,700 கணக்குப்படி ஒரு வருடத்தில் 11 கிலோ போக வேண்டும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவர் குழுவும் 2011இல் காட்டிய கணக்கு வேறு: கடைசியில் 10 கிலோ குறையும், ஆனால் அதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆறாவது மாதத்தில் வேகம் தளர்ந்தால் அது உங்கள் சோம்பலால் வந்தது அல்ல, உடலின் இயல்பு.

ஆகவே வாரச் சராசரியும் இடுப்பும் இரண்டுமே நான்கு வாரம் அசையாமல் நின்றால்தான் தேக்கம் என்று கொள்ள வேண்டும். அப்போதும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தினமும் 2,000 காலடி கூட்டலாம், அல்லது இரவுச் சாதத்தில் ஒரு கரண்டி குறைக்கலாம். மூன்று வாரம் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம். ஒரே திங்கட்கிழமையில் சாதத்தை நிறுத்தி, ஓட்டத்தை இரட்டிப்பாக்கி, இரவுச் சாப்பாட்டையும் விட்டால் எது பலன் தந்தது என்றே தெரியாது. அந்த வேகம் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவும் தாங்காது.

சில நிலைகளில் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்; இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போய், களைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் மருந்தளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதால், வாக்கிங் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும்.