1010 அனுப்பிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள்

போன கிழமை வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி ஒருவன் மடிக்கணினியோடு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு நனோ இயந்திரம் அசையாத நீரில் மூலக்கூறுகளை விட்டு இன்னொன்றுக்குச் செய்தி சொல்கிற சிமியுலேஷன். "அண்ணா, ஒரு பிழைகூட இல்லை" என்றான். அனுப்பிய பிட்டுகளைப் பார்த்தேன்: 1010101010. நான் விழுந்த அதே கிடங்கு.

வாலை மறப்பது

மூலக்கூறுகளை விட்டால் 1, விடாவிட்டால் 0. செறிவுப் பண்பேற்றம் இவ்வளவுதான். 10 மைக்ரோமீட்டர் தூரத்தில் சின்ன மூலக்கூறு ஒன்றின் செறிவு ஏறக்குறைய 17 மில்லிசெக்கனில் உச்சத்துக்கு வரும். அதைப் போல இரண்டு மடங்கு நேரம் விட்டு அடுத்த பிட்டை அனுப்பலாம் என்று தோன்றும். அங்கேதான் கெடுகிறது.

அந்த இரண்டு மடங்கு நேரத்திலும் உச்சத்தின் 75 சதவீதம் அப்படியே நிற்கும். ஐந்து மடங்கில் 30, பத்து மடங்கில்கூட 12. மெதுவாகக் குறையும் இந்த மிச்சம்தான் வால். கருவாடு பொரித்த குசினி மாதிரி. இன்றைக்குப் பொரித்ததா நேற்றையதா என்று வாசலில் நின்று சொல்ல ஏலாது. அந்த இரண்டு மடங்கு இடைவெளியில் 1, 1, 1, 0 அனுப்பினால், 0-இன் முறை வரும்போது முந்திய மூன்றின் மிச்சமும் சேர்ந்து தனி 1 ஒன்றைவிடச் சற்றுக் கூடவே நிற்கும். 1-ஐயும் 0-ஐயும் பிரிக்கிற எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் பிடிபடாது. 1010-இல் ஒவ்வொரு 1-க்கும் பிறகு ஓய்வு கிடைப்பதால் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

எனக்கு இது விளங்க நாலு மாதம் போனது. அதுவும் கட்டுரையை அனுப்பிவிட்டு இருக்கும்போது, "சமவாய்ப்பு பிட்டுகளில் (ஒழுங்கில்லாமல் 0, 1 மாறிமாறி வருபவை) ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று மதிப்பாய்வாளர் ஒற்றை வரியில் கேட்ட பிறகுதான். இன்றைக்கும் எரிச்சல்தான்.

தம்பியையும் அங்கேயே சமவாய்ப்பு பிட்டுகளில் ஓட்டவைத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. சரி, வழி இருக்கிறது: முந்திய பிட்டுகளின் மிச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகு தீர்மானியுங்கள். அல்லது மிச்சத்தை உடைக்கும் நொதியைச் சேருங்கள். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசற்றைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் உடைக்கிறதே, அதே வேலை.

இரண்டு வகை மூலக்கூறு எடுத்தால் தப்பிவிடலாம் என்பது

0-க்கு ஒன்று, 1-க்கு வேறொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் பரவி, எது கூட இருக்கிறது என்று மட்டும் பார்த்தால், அதே 1110 இங்கேயும் கவிழ்க்கும். போதாததற்கு, வாங்கும் பக்கத்தில் மூலக்கூறைப் பிடிக்கிற ஏற்பிகள் இரண்டு வகை வேண்டும்.

நேரத்தால் பண்பேற்றுவது

மூலக்கூறை எப்போது விடுகிறோம் என்பதை வைத்தே 0, 1 சொல்வது. இரண்டு பக்கமும் ஒரே கடிகாரம் இல்லையா? தொடாதீர்கள்.

தூரம்

இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு, உச்சம் எட்டில் ஒன்று. அந்த 17 மில்லிசெக்கன் 1 சென்ரிமீட்டருக்கு நாலரை மணித்தியாலத்தைத் தாண்டும். அதற்குள் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பிவிடலாம்.