மாரத்தான் சாதனைச் செய்தியை அச்சுக்கு அனுப்புமுன்

ஒரு வார இதழில் பதினாறு வருஷமாகத் தகவல் சரிபார்க்கிறேன். 2019 அக்டோபரில் "இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான்: கிப்சோகே உலக சாதனை" என்ற தலைப்பைச் சரியென்று விட்டது நான்தான். அடுத்த வாரம் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவரிடமிருந்து தபால் அட்டை வந்தது. "அம்மா, ஓடியது நிஜம். உலக சாதனைப் பட்டியலில் அது வராது. விதியைப் பாருங்கள்." அந்த அட்டை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

பார்த்தேன். வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே 1:59:40-ல் ஓடினார். ஆனால் அது எல்லாரும் போட்டியிடும் பந்தயமாக நடக்கவில்லை. வேகம் குறையாமல் இருக்கக் கூடவே ஓடிக்கொடுக்கும் பேஸர்கள் 41 பேர் முறைவைத்து மாறி மாறி உள்ளே வந்தார்கள். முன்னால் போன கார் லேசர் ஒளியால் வேகம் காட்டியது. சைக்கிளில் வந்து பாட்டில் கொடுத்தார்கள். அன்று உலக சாதனையாக இருந்தது, 2018-ல் அவரே பெர்லினில் ஓடிய 2:01:39. அதிலிருந்து எந்த நேரம் கைக்கு வந்தாலும் முதலில் கேட்பது: இது எந்தப் பந்தயத்தில்?

அடுத்து, எந்தப் பாதையில்? வரைபடத்தைத் திறந்து தொடக்கமும் முடிவும் எங்கே என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். 2011 ஏப்ரலில் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-ல் முடித்தார். எத்தியோப்பியாவின் கெப்ரெசிலாசி 2008-ல் பெர்லினில் வைத்த 2:03:59 அப்போதைய உலக சாதனை. 57 விநாடி முந்தியும் முட்டாயின் நேரம் பட்டியலில் ஏறவில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம், ஓடும் தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாதை இறங்கக்கூடாது. இதுதான் விதி. பாஸ்டன் பாதை ஹாப்கின்டனில் தொடங்கி ஒரே திசையில் நகருக்குள் வருகிறது, ஏறக்குறைய 140 மீட்டர் இறங்குகிறது. போதாக்குறைக்கு அன்று பின்காற்று வேறு. பெர்லினில் பிராண்டன்பர்க் வாசலுக்குப் பக்கத்திலேயே தொடங்கி அங்கேயே முடிவதால் இந்தத் தொல்லை இல்லை.

பாதையின் நீளமும் பொய்க்கலாம். 1981-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட்டோ சலசார் 2:08:13-ல் வந்ததை உலக சாதனையென்று உலகமே எழுதியது. சில வருஷம் கழித்து அளந்தால் பாதை சுமார் 150 மீட்டர் குறைவு. மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருஷமும் 380 மீட்டர் குறைவாக ஓடவைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்தவர்களின் நேரம் செல்லாமல் போவது எனக்கு இன்றும் மனசைப் பிசையும்.

ஒழுங்காக அளப்பதென்றால், அளவு சரிபார்த்த சைக்கிளின் முன்சக்கரத்தில், அது சுற்றுவதை எண்ணும் ஜோன்ஸ் கவுன்டர் என்ற கருவியைப் பொருத்தி, வளைவுகளில் சாலை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளக்க வேண்டும். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். "என் வாட்ச் 42.195-க்குப் பதில் 42.6 கி.மீ. காட்டியது, பாதை தப்பு" என்று யாராவது சொன்னால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். கூட்டத்தில் யாரும் அந்தக் குறுகிய கோட்டில் ஓட முடியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ்.-ஸும் தடுமாறும்.

ஒரே ஓட்டக்காரருக்கு இரண்டு பத்திரிகையில் இரண்டு நேரம் வந்தால், ஒன்று கன் டைம் (தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணுவது), மற்றது சிப் டைமா (அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது) என்று பாருங்கள். சாதனைக்குக் கன் டைம்தான்.

பெண்கள் சாதனையில் இன்னொரு கேள்வி உண்டு. 2024 ஏப்ரலில் லண்டனில் பெரெஸ் ஜெப்சிர்சிர் 2:16:16 ஓடி உலக சாதனை படைத்த செய்தியை எங்கள் உதவி ஆசிரியர் தம்பி தப்பென்று வெட்டிவிட்டார்.

"அக்கா, போன வருஷமே பெர்லின்ல அசெஃபா 2:11:53 ஓடிட்டாங்களே?"

"பெர்லின்ல ஆண்களும் கூடவே ஓடுவாங்கப்பா, ஆண் பேஸர் கிடைப்பாங்க. லண்டன்ல முன்னணிப் பெண்களைத் தனியா விடுறாங்க. பெண்கள் மட்டும் ஓடுறதுக்குத் தனிப் பட்டியல் இருக்கு."

எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் "பெண்கள் உலக சாதனை" என்று எழுதினால் பாதித் தகவல்தான்.

தேதியையும் கவனியுங்கள். ஓடிய நாளும் அங்கீகரித்த நாளும் வேறு. கென்ய வீரர் கெல்வின் கிப்டம் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை படைத்தது 2023 அக்டோபர் 8. உலக தடகள அமைப்பு அங்கீகரித்தது 2024 பிப்ரவரி 6. ஐந்தே நாளில் சாலை விபத்தில் போய்விட்டார், 24 வயதில். இடைப்பட்ட மாதங்களில் "அங்கீகாரம் நிலுவையில்" என்று எழுதுவதே சரி.

கூட்டக் கணக்கு சுலபம்: விண்ணப்பித்தவர், ஓடியவர், முடித்தவர் என்று மூன்று எண் இருக்கும். 2025 லண்டனுக்கு விண்ணப்பங்கள் 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல், முடித்தவர்கள் 56,640. நம் பக்கம் "5 கி.மீ. மாரத்தான்" என்று வந்தால் "5 கி.மீ. ஓட்டம்" என்று மாற்றிவிடுகிறேன். 42.195 கி.மீ.-க்குத்தான் அந்தப் பெயர்.

வயதுச் சாதனை என்றால் பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த முதிய ஓட்டக்காரர் ஃபௌஜா சிங்கை நினைத்துக்கொள்வேன். 2011-ல் டொரண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்தார். கடவுச்சீட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. அந்தக் காலத்துப் பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவரிடம் அந்தக் காகிதம் எப்படி இருக்கும்? அவரைப் பற்றிய வரி வந்தால் "கடவுச்சீட்டின்படி 100 வயதில் மாரத்தானை முடித்தார்" என்று முழுசாக விடுகிறேன். "கின்னஸ் சாதனை" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துவிடுகிறேன்.